மைனர் திருந்தும் அத்தியாயம் எங்கே? தொடர்கதை வெளியிடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் அண்மையில் முடிந்த காதல் தொடரைப் பற்றித்தான் இந்த மடல். கதைச் சுருக்கத்தை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பெண்களிடமும் கடலை போட்டுக்கொண்டு, கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் நழுவிக்கொண்டிருந்த மைனர் நாயகன், கடைசி வாரம் லாரியில் அடிபட்டுக் கண் விழித்ததும் தாலி வாங்கி வரச் சொல்கிறான். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அவன் மாறுவதை எழுதுங்கள்.

விபத்தையும் எங்கள் வேலூரில் கொண்டுவந்து வைத்தீர்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காருகிற ஊர் இது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுக்க நாயகி அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பார்வையாளர் நேரம், பாஸ், வாசலில் செக்யூரிட்டி எதுவுமே அவளுக்கு இல்லை. கையில் பையோடு வராண்டாவில் காத்துக்கிடக்கும் சொந்தக்காரர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள்? தலையின் முன்பக்கம் பலமாக அடிபட்டவர்களுக்கு எரிச்சலும் அவசர புத்தியும் கூடலாம் என்றுதான் மருத்துவம் சொல்கிறது. பொறுப்பு கூடும் என்று எந்த டாக்டரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை.

இந்த மாதிரி ஆளை எழுதுவது சுலபமில்லை என்பது தெரியும். அழகன், சிரித்தால் கன்னத்தில் குழி என்றெல்லாம் வர்ணித்தால் வசீகரம் வந்துவிடாது. அவன் காது கொடுத்துக் கேட்பவன். மூன்று வாரம் முன்பு அவள் போகிற போக்கில் சொன்ன பல்வலியை ஞாபகம் வைத்து விசாரிப்பவன். அந்த நேரத்தில் அந்த அக்கறை உண்மையானது. டீக்கடைக்காரரிடமும் பூக்காரப் பாட்டியிடமும் அவன் பேச்சு அதேதான். தனக்கு மட்டும் கிடைத்ததாக நாயகி நம்பியது ஊருக்கெல்லாம் கிடைக்கிறது என்பதை எட்டாவது, பத்தாவது அத்தியாயத்திலேயே அவள் கண்ணால் பார்க்க வேண்டும். தேர்ந்த மைனர் பொய் சொல்லமாட்டான், பிடிபடும்படி எதையும் சொல்லவே மாட்டான். 'பார்க்கலாம்', 'ஒருநாள்', 'முதல்ல தங்கச்சி கல்யாணம் முடியட்டும்.' பஞ்சாங்கமும் அவன் பக்கம்: ஆடி போகட்டும், புரட்டாசி போகட்டும், மார்கழி போகட்டும். தை பிறந்தால் ஜாதகம் சரியில்லை.

குறுந்தொகையின் 8ஆம் பாட்டைப் பாருங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது, பேசுபவள் பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப் போகும் பெண். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும் நாம் கையும் காலும் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடி பிம்பம்போலத் தன் புதல்வனின் தாய்க்கு ஆடுகிறான் என்கிறாள். வெளியே வீரம், வீட்டுக்குள் தலையாட்டல். நம்மூர் மைனரின் முடிச்சு இன்றும் அங்கேதான் இருக்கிறது. சாதி, சொத்து, அப்பாவின் கோபம், அம்மாவின் மயக்கம் எல்லாம் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நீங்கள் கதையைக் கடற்கரையிலும் காபி ஷாப்பிலும் நடத்துகிறீர்கள். 'சின்ன வயசில் ஒருத்தி ஏமாற்றிவிட்டாள்' என்று இரண்டு பக்க பிளாஷ்பேக் வேறு. கூடத்தில் அப்பா எதிரில் அவன் வாய் திறக்கும் அத்தியாயம்தான் எங்களுக்கு வேண்டும். அதற்கு முன்னால் சின்னச் சின்னப் படிகள் வரட்டும்: சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது, சிரித்து மழுப்ப வாய்ப்பிருந்தும் மழுப்பாமல் பதில் சொல்வது, தெரிந்தவர்கள் எதிரில் அவள் பேரைச் சொல்லி அறிமுகப்படுத்துவது. ஒவ்வொன்றுக்கும் அவன் எதையாவது இழக்க வேண்டும்.

தோழியையும் வீணடிக்கிறீர்கள். அகப்பாட்டில் 'எப்போது மணம் முடிக்கப்போகிறாய்' என்று தலைவனை நெருக்குவது அவள்தான், வரைவு கடாதல் என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. உங்கள் தொடரில் அவள் ஜோக் அடித்துவிட்டு சமோசா சாப்பிடுகிறாள். அவள் கையில் ஒரு தேதியைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சொல்லவந்ததோடு இன்னொன்று. கதைகளில் வேலூர் தலைகாட்டுவதே ஆஸ்பத்திரிக்கும் ஜெயிலுக்கும்தான். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. அந்தக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர்கூட 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். உங்கள் நாயகன்தான் இன்னும் எந்த வீட்டுக்கும் வந்து சேரவில்லை. ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் காதலிப்பவர்கள் இருக்கிறார்கள் ஐயா, லாரி இல்லாமலே.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் திருந்தியே ஆக வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. 1811இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் வரும் வில்லபியும் இதே ஜாதிதான். நாயகி காய்ச்சலில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடி வருகிறான், மனதில் இருந்ததைக் கொட்டுகிறான், வந்த வழியே திரும்பிப் போகிறான். பணத்துக்காக வேறொருத்தியைக் கட்டிக்கொண்டவனுக்கு அந்த ஆசிரியை நாயகியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. படித்தவர்கள் யாரும் புத்தகத்தை வீசி எறிந்துவிடவில்லை.

ஆகவே அடுத்த தொடரில் அவன் மாறுவதாக இருந்தால், அந்த மாற்றத்துக்குக் குறைந்தது ஐந்தாறு அத்தியாயம் ஒதுக்குங்கள். மாறமாட்டான் என்றால் நாயகியை அவள் வேலைக்குப் போகவிடுங்கள். தயவுசெய்து எழுதுகிறவரிடம் இப்போதே பேசிவிடுங்கள், முதல் அத்தியாயம் அச்சுக்குப் போவதற்குள்.

இப்படிக்கு,
வேலூர் வாசகர்கள் சிலர்