'அனத்தா' என்று சொன்ன என் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகும் உன் குரல் காதிலேயே இருந்தது. "இலக்கணம் ஒரு இடத்துலகூடத் தப்பலைம்மா, ஆனா சென்செய் முகம் சட்டுன்னு மாறிடுச்சு" என்றாய். அப்போதைக்கு ஏதோ ஆறுதல் சொன்னேன். ஆறுதலோடு விட்டுவிட மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் சென்செயிடம், அதாவது ஆசிரியரிடம், ஜப்பானிய மொழியில் "நீங்கள் நாளைக்கு வருவீர்களா?" என்று கேட்க நினைத்து, அகராதியில் 'நீங்கள்' என்பதற்கு நேராக இருந்த 'அனத்தா'வை எடுத்துப் போட்டிருக்கிறாய். தமிழில் 'நீ'யை 'நீங்கள்' ஆக்கினாலே பாதி மரியாதை வந்துவிடும். அந்தக் கணக்கு ஜப்பானிய மொழியில் செல்லாது. ஆசிரியரைப் பார்த்து 'அனத்தா' என்றால், அவரை உன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்த மாதிரி. "சென்செய் நாளைக்கு வருவாரா?" என்பதுபோல, அவரிடமே அவரை 'சென்செய்' என்றுதான் சொல்ல வேண்டும். பல நேரம் அதுகூட வேண்டாம், மரியாதை வினைச்சொல்லைப் போட்டாலே யாரைக் கேட்கிறாய் என்று புரிந்துவிடும்.

ஜென்னி தாமஸ் என்ற மொழியியலாளர் 1983-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இலக்கணத்தில் தப்பு வந்தால், பாவம், இன்னும் மொழி கைவரவில்லை என்று விட்டுவிடுவார்கள். இங்கிதத்தில் தப்பு வந்தால் ஆளே சரியில்லை என்று நினைப்பார்கள். அதுவும் சரளமாகப் பேசுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தட்டுத் தடுமாறிப் பேசிய முதல் வருஷத்தில் உன்னை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நன்றாகப் பேசுகிறாய், அந்தச் சலுகை போய்விட்டது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் "ஐ வான்ட் டூ டேஸ் லீவ்" என்று எழுதினேன். "ரெண்டு நாள் லீவு வேணும் சார்" என்பதன் நேர்மொழிபெயர்ப்பு அது. தமிழில் அந்த 'சார்' இருக்கிறது, குரல் இருக்கிறது, தயங்கி நிற்கிற உடம்பு இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போனபோது அதெல்லாம் கழன்று விழுந்து, அதட்டல் மட்டும் போய்ச் சேர்ந்தது. "ஐ வாஸ் வொண்டரிங்" என்று இறந்த காலத்தில் பின்வாங்கிக் கேட்பது அவர்கள் வழி என்று பின்னால்தான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் நாமும் அதைச் செய்கிறோம். "ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்" என்கிறோமே, கேட்கப் போவது இப்போதுதான், சொல்வது மட்டும் 'வந்தேன்'.

இதற்காகத்தான் உன்னைத் தமிழையே ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். "கொஞ்சம் கதவைத் திறங்களேன்" என்கிறோம். கதவு கொஞ்சமாகத் திறந்தால் போதும் என்றா அர்த்தம்? அந்தக் 'கொஞ்சம்' கதவுக்கு இல்லை, கேட்கிற நமக்கு. கடைசியில் வருகிற 'ஏன்' கட்டளையைக் கெஞ்சலாக்கிவிடுகிறது. 'தயவுசெய்து' இல்லாமலே வேலை முடிந்தது. 'ப்ளீஸ்' என்பதற்கு அங்கே என்ன சொல் என்று நீ தேடிக்கொண்டிருந்தாயே, அந்தத் தேடலே உன்னை வேறு பக்கம் கொண்டுபோய்விடும்.

ஜப்பானிய மொழியிலும் ஒரு 'கொஞ்சம்' உண்டு, 'ச்சொத்தோ'. அதுவும் கேட்பதை மென்மையாக்கும், ஆனால் இன்னொரு வேலையும் செய்யும். போன மாதம் உன் தோழியைக் கூப்பிட்டபோது, "அன்றைக்கு ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்தினாள், "கொஞ்சம் என்ன?" என்று நீ கேட்டாய். அவள் முழுதாகத்தான் சொல்லியிருக்கிறாள், வர முடியாது என்று. நாம் "பார்க்கலாம்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பதில்லையா, அந்த மாதிரி. அவளிடம் மறுபடி காரணம் கேட்காதே.

பார்டோவி-ஹார்லிக், டோர்னியெய் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஹங்கேரியில் ஆங்கிலம் கற்றவர்கள் இலக்கணப் பிழையைப் பெரிதாக நினைத்தார்கள், அமெரிக்காவில் இருந்து கற்றவர்கள் இங்கிதப் பிழையைப் பெரிதாக நினைத்தார்கள். நீ அந்த மொழி பேசுகிறவர்கள் நடுவிலேயே இருக்கிறாய், உன் காது திறந்துகொள்ளும். ஆனால் ஒன்று, வேற்றுமை உருபை மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள். மரியாதை குறைந்தால் யாரும் திருத்த மாட்டார்கள், திருத்துவதே மரியாதையில்லை என்று விட்டுவிடுவார்கள். நீயாகத்தான் கேட்க வேண்டும். "இது சரியா?" என்று கேட்காதே, ஆமாம் என்றுதான் பதில் வரும். "சென்செயிடம் இதை நீ எப்படிச் சொல்வாய்?" என்று அந்தத் தோழியிடம் கேள். அவள் சொல்வதை அப்படியே, இழுவையோடும் நிறுத்தத்தோடும் எழுதி வைத்துக்கொள்.

சென்செயிடம் இன்னொரு முறை போய் நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம். "சுமிமாசென்", அதாவது 'மன்னிக்கணும்', என்று ஆரம்பி, 'சென்செய்' என்று கூப்பிடு, அதே கேள்வியைக் கேள். அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா