டெல்டாவுக்கும் வேண்டும் கிருமி ஆய்வு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமிகள் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல் போவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2013 முதல் கண்காணித்து வருகிறது. அந்த ஆய்வின் பயன் பெரிய ஊர்களோடு நின்றுவிடக் கூடாது. திருத்துறைப்பூண்டியில் சேரும் நோயாளி தஞ்சாவூருக்கும், அங்கிருந்து திருச்சிக்கும் மாற்றப்படுகிறார். அவருக்குப் போட்ட சிறுநீர்க் குழாயில் ஒட்டிய கிருமியும் கூடவே போகிறது.

ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கிருமி வளர்த்த தட்டில் மருந்து வில்லைகளை வைத்தால், மருந்து வேலை செய்யும் இடத்தில் வில்லையைச் சுற்றி வெற்று வளையம் தெரியும். கிளெப்சியெல்லா என்ற கிருமியின் தட்டில், கடும் தொற்றுக்குத் தரும் வீரியமான ஆன்டிபயாடிக்கான மெரோபெனம் வில்லையை ஒட்டியே கிருமி படர்ந்திருப்பதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். அதற்கு மேல் கைவசம் இருப்பது ஒன்றிரண்டு மருந்துதான். அவற்றில் ஒன்றான கொலிஸ்டின் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும்.

நோயாளியின் ரத்தம், சிறுநீர் போன்ற மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். உயிருக்குப் போராடுபவருக்கு அதுவரை மருந்து தராமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசி போடுமுன் மாதிரி எடுக்கலாமே! முடிவு வந்ததும் மருந்தை மாற்றலாமே!

எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்ற பட்டியலை டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் தங்கள் கல்ச்சர் முடிவுகளை அதில் சேர்க்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், மன்னார்குடி