ஒற்றை மரம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடு மேயும் புல்வெளி நடுவே நிற்பது பிரேசில் கொட்டை மரம்தான். "காட்டை அழித்தவர்கள் இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், நல்லவர்கள் அப்பா" என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு என்று சொல்லிவிட முடியாதம்மா. பிரேசில் சட்டம் அந்த மரத்தை வெட்டக் கூடாது என்கிறது, அதனால் நிற்கிறது. ஆனால் அது இனி காய்ப்பதே அபூர்வம்.

காரணம் அதன் பூ. நடுவே ஒரு மூடி இறுக்கமாகச் சுருண்டிருக்கும். சின்னத் தேனீயால் அதைத் தூக்க முடியாது. உடம்பில் வலுவுள்ள பெரிய தேனீதான் உள்ளே போகும். விடிவதற்குள் விரிந்த பூ அன்றைக்கே உதிர்ந்துவிடும். அதற்குள் வேறொரு மரத்து மகரந்தம் வந்து சேர வேண்டும், தன் மகரந்தத்தில் அநேகமாகக் காய் பிடிக்காது. வந்து போகும் தேனீக்களில் ஆர்க்கிட் தேனீயும் ஒன்று. அதில் ஆண் இருக்கிறதே, பெண்ணை மயக்க ஆர்க்கிட் பூக்களில் வாசனை சேகரித்துக்கொண்டு அலையும். அந்த ஆர்க்கிட் வளர்வதோ காட்டு மரக் கிளைகளில். புல்வெளியில் இதற்கெல்லாம் எங்கே போவது?

சரி, காய்த்ததாகவே வைத்துக்கொள். முற்றவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கீழே விழுந்தாலும் ஓடு உடையாது. அதைக் கொறித்துத் திறப்பது அகூட்டி என்ற கொறிவிலங்கு. உள்ளே இருக்கும் விதைகளில், அதாவது கொட்டைகளில், கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை மண்ணில் புதைக்கும். அது மறந்துபோன விதைதான் அடுத்த மரம். அதுவும் பக்கத்தில் ஏதாவது பெரிய மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால்தான் உயரும். புல்வெளியில் முளைத்தால் மாடு மிதிக்கும், இல்லையென்றால் புல்லுக்கு வைக்கிற தீயில் கருகும்.

உலகச் சந்தைக்கு வரும் பிரேசில் கொட்டையில் பெரும்பகுதி இன்னும் காட்டில் பொறுக்கியதுதான். காடு நின்றால்தான் அந்த மக்களுக்குப் பிழைப்பு. ஆனால் அளவு மீறினால் அதுவும் வம்பு. பல காலமாக ஒட்ட அள்ளிய இடங்களில் இளமரங்களே அரிது என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது.

அடுத்த முறை காட்டுக்குள்ளே நிற்கிற ஒரு மரத்தைப் போய்ப் பார். மழை மாதங்களில் மட்டும் அடியில் நிற்காதே. காய் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ வரை இருக்கும், விழுவதோ 40, 50 மீட்டர் உயரத்திலிருந்து. கொட்டை பொறுக்குகிறவர்களே பெரும்பாலும் விழுந்து முடியும்வரை காத்திருப்பார்கள்.

அன்புடன்,
அப்பா