விடைத்தாளில் இருக்கும் யூக்ளிட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காகச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கணிதத் தேர்வுக் குறிப்புகளைப் படித்தேன். தேல்ஸ் தேற்றத்தையும் பிதாகரஸ் தேற்றத்தையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவிட்டால் மதிப்பெண் உறுதி என்று போட்டிருந்தது. மதிப்பெண் கிடைக்கும், அது சரிதான். ஆனால் 31 வருடம் வடிவியல் நடத்தியவனுக்கு அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நம் பிள்ளைகள் விடைத்தாளில் ஒரு தேற்றத்தை எப்படி எழுதுகிறார்கள்? கூற்று, கொடுக்கப்பட்டது, நிரூபிக்க, அமைப்பு (நிரூபிக்க உதவும் கோட்டை வரைவது), நிரூபணம். இந்த வரிசை நம் பாடநூலில் பிறந்ததல்ல. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் பாடம் நடத்திய புரோக்ளஸ், கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலுக்கு எழுதிய உரையில் நிரூபணத்தின் உறுப்புகளை இதே வரிசையில் பிரித்துக் காட்டுகிறார். கடைசியில் 'முடிவு' என்று ஒன்றும் உண்டு. யூக்ளிட் அவருக்கும் 700 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். பிதாகரஸ் தேற்றத்துக்குச் செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு வரைகிறோமே, அதே கோட்டை யூக்ளிட் அந்த நூலின் முதல் புத்தகத்தின் 47ஆம் கூற்றில், கர்ணத்தின் மீது வரைந்த சதுரத்தின் அடி வரை இழுக்கிறார்.

அந்தத் தேற்றம் சொல்லும் உண்மை பாபிலோனியருக்கு அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே தெரியும். நம் பழைய வடமொழி நூலான பௌதாயன சுல்ப சூத்திரத்திலும் இருக்கிறது. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் சில அடிப்படைகளில் தொடங்கி, எந்தச் செங்கோண முக்கோணமும் இதற்குத் தப்ப முடியாது என்று படிப்படியாகக் காட்டி வைத்தார் யூக்ளிட். ஆபிரகாம் லிங்கன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உறுப்பினரான பிறகு யூக்ளிடின் ஆறு புத்தகங்களைத் தானாகவே உட்கார்ந்து படித்தார். வக்கீல் தொழில் செய்தவருக்கு வடிவியல் எதற்கு? 'நிரூபித்தேன்' என்று எப்போது சொல்லலாம் என்பது அதில்தானே தெரிகிறது!

விடுமுறைக்கு வந்த என் பேத்தியும் பத்தாம் வகுப்புதான். "புக்குல இருந்தா சரியாத்தானே தாத்தா இருக்கும், நான் எதுக்கு நிரூபிக்கணும்?" என்றாள். 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்கள் எங்காவது போய் முடிந்துவிடுமா என்று கேட்டேன். முழித்தாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 2, 3, 5, 7 நான்கையும் பெருக்கி 1 கூட்டச் சொன்னேன். 211. அந்த நான்கில் எதனால் வகுத்தாலும் மீதி 1. அது பகா எண்தான். அப்புறம் 13 வரை உள்ள ஆறையும் பெருக்கி 1 கூட்டினாள். 30031. "இதுவும் பகா எண்" என்று உடனே சொல்லிவிட்டாள். வகுத்துப் பார் என்றேன். சாயங்காலம் முழுக்க வகுத்தாள். "தாத்தா, தப்பு! 59ஐ 509ஆல் பெருக்கினா வந்துடுது" என்று தாளோடு ஓடி வந்தவள், பாதியில் நின்றாள். "ஆனா 59 நம்ம லிஸ்ட்லயே இல்லையே."

அவ்வளவுதான் நிரூபணம். கிடைக்கும் எண் ஒன்று தானே புதிய பகா எண்ணாக இருக்கும், இல்லையென்றால் புதிய பகா எண் ஒன்றால் வகுபடும்; அதனால் பகா எண்கள் முடிவதே இல்லை. இரண்டையும் யூக்ளிட் தன் ஒன்பதாம் புத்தகத்தின் 20ஆம் கூற்றில் எழுதியிருக்கிறார். அவள் அதைப் படித்ததில்லை, தானாகவே அங்கே போய்ச் சேர்ந்தாள். அவள் பாடநூலிலேயே யூக்ளிடின் பெயரில் மீப்பெரு பொது வகுத்தி காணும் வழிமுறை இருக்கிறது. இணையத்தில் ரகசியம் காக்க 1977இல் உருவான ஆர்எஸ்ஏ முறையில் சாவி தயாரிக்க, அதன் நீட்டித்த வடிவம் பயன்படுகிறது. வகுப்பில் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு தேற்றம் போடுங்கள். 'அமைப்பு' வரை மட்டும் அச்சிட்டு, இந்தக் கோட்டை ஏன் இங்கே வரைந்தோம் என்று கேட்டுவிட்டு, நிரூபணத்தை அடுத்த வாரம் கொடுங்கள். நடுவில் பிள்ளைகளுக்கு ஏழு நாள் கிடைக்கும். முதல் பத்து வாரத்துக்கு வேண்டியதை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.