சந்திரபாபு போன பிறகுதான் டிவி வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் கொடிகட்டிப் பறந்து, குடியால் வீழ்ந்தவர்’ என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டீர்கள். அந்த வரியின் இரண்டு பாதியிலும் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் சின்ன விஷயம். சந்திரபாபு இறந்தது 1974 மார்ச் 8. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அவர் எங்கே போய் டிவியில் கொடி கட்டுவது? பின்னாளில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ சினிமாப் பாட்டு நிகழ்ச்சி பார்க்கப் பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கும். அவர் பாட்டு வந்தால் பொடிசுகள் எழுந்து ஆடும். அந்தப் பொடிசுகள் பிறப்பதற்கு முன்பே மனிதர் போய்விட்டார்.

இனி பெரிய விஷயம். நான் 1964-ல், 16 வயதில், தஞ்சை ஜில்லாவில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டருக்குக் கையாளாகச் சேர்ந்தவன். அப்புறம் நானே ஆப்பரேட்டர் ஆனேன். ஒற்றை மெஷின், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி, மண்தரை. பழைய படங்கள்தான் எங்களுக்கு வரும். ‘சபாஷ் மீனா’ (1958) வந்தால் எங்கள் முதலாளி சிவாஜி பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் சந்திரபாபு பெயரையும் எழுதச் சொல்வார். அதில் அவருக்கு இரட்டை வேடம். ரிக்‌ஷாக்காரராக அவர் பேசிய மெட்ராஸ் பாஷை எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. புரியாமலே சிரிப்பார்கள்.

‘சகோதரி’ (1959) கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்ததில் ஏவி.எம். செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சந்திரபாபுவைப் பால்காரராகப் போட்டு, நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். அந்தப் பகுதியை உருவிவிட்டாலும் படத்தின் கதை நடக்கும். கொட்டகையில் ஆள் இருக்காது, அவ்வளவுதான். அவர் பாடும் ‘நான் ஒரு முட்டாளுங்க’ பாட்டு முடிந்ததும் ‘ஒன்ஸ்மோர்’ சத்தம் கிளம்பும். மெஷினை நிறுத்தி, கையால் பின்னுக்குச் சுற்றி, மறுபடி ஓட்டுவோம். எல்லா ஊரிலும் அப்படித்தான் ஓட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. பிரிண்டில் அந்த இடம்தான் அதிகம் தேய்ந்து, பிலிம் ஓரத்து ஓட்டை கிழிந்து அறுந்துபோகும். பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு மூன்று பிரேம் போகும். கடைசி கடைசியாக எங்களிடம் வந்த பிரிண்டில் அவர் இடது பக்கம் குதிக்கக் காலைத் தூக்குவார், அடுத்த கணம் வலது பக்கம் நிற்பார். நடுவில் போன துண்டுகளில் 11 பிரேம் இன்னும் ஒரு பவுடர் டப்பாவில் என்னிடம் இருக்கின்றன.

இப்படி அடுத்தவர் படத்தைத் தூக்கி நிறுத்தியவர், சொந்தப் படத்துக்கு முதலாளியாக உட்கார்ந்ததும்தான் சறுக்கல் ஆரம்பித்தது. எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ கொஞ்சம் எடுத்ததோடு நின்றது. தப்பு யார் மேல் என்று பேசப்போனால் விடிந்துவிடும். போட்ட பணம் போனது. மாடி வரை கார் ஏறுகிற மாதிரி ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. பிறகு அவரே இயக்கி நடித்து ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) வந்தது. எங்கள் கொட்டகையில் மூன்று நாள் ஓடியது. சிரிக்கலாம் என்று வந்த சனம், மனிதர் இறுக்கமான முகத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது இடைவேளையிலேயே கிளம்பியது. நான்காம் நாள் படப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். சனத்தைக் குறை சொல்ல மாட்டேன். அன்று எனக்கும் ஏமாற்றம்தான்.

அதற்குள் நாகேஷ் வேறு வந்து எல்லாப் படத்திலும் நிறைந்துவிட்டார். ‘அடிமைப் பெண்’ (1969) வந்தபோது சந்திரபாபுவும் அதில் இருக்கிறார் என்பது படம் ஓடும்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. நோட்டீஸில் எழுத முதலாளிக்குத் தோன்றவில்லை.

குடித்தாரா என்றால் குடித்தார். அவரே மறைத்ததில்லை. ஆனால் அது முன்னால் வந்ததா, கடனும் நின்றுபோன படமும் முன்னால் வந்தனவா என்று வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வாய்ப்பு கிடைக்காமல் 1952-ல் உயிரை விடத் துணிந்து, அந்த வழக்கில் கோர்ட்டில் நின்ற பையன், ஆறே வருஷத்தில் சிவாஜிக்குப் பக்கத்தில் பெயர் எழுதப்பட்டவர். அதையும் உங்கள் கட்டுரையில் காணோம். இறக்கும்போது வயது 46.

அடுத்த ஞாயிறு டிவி விஷயத்தையாவது திருத்திப் போடுங்கள். பாட்டைப் போட்டு, குரலை மேலும் கீழும் தாவவிட்டுப் பாடுகிற அவருடைய யோடலிங் பற்றி எழுதியிருந்த பெட்டிச் செய்தி நன்றாக இருந்தது, அதை யார் எழுதினார்களோ அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய டூரிங் டாக்கீஸ் ஆப்பரேட்டர்,
திருத்துறைப்பூண்டி.