பன்றி வண்டியில் வைக்கோல் மெத்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடை ஏற்றும் வண்டிகளில் வைக்கோலைக் கனமாகப் பரப்ப வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மாட்டுக்கு எப்படியோ, சித்திரை வெயிலில் பன்றிக்கு அப்படிச் செய்து சூடு பட்டவன் நான்.

பெருந்துறை பக்கம் 11 வருடமாக வெண்பன்றி வளர்க்கிறேன். மூன்று வருடம் முன்பு, அக்னி நட்சத்திரத்தில், பெங்களூருக்குப் பத்து உருப்படி அனுப்பினேன். ஒவ்வொன்றும் 90 கிலோவுக்குக் குறையாது. பிக்கப்பின் இரும்புத் தகடு சுடுமே என்று நானே கணுக்கால் புதைய வைக்கோல் போட்டு, சுற்றிலும் தார்ப்பாயும் கட்டிவிட்டேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பிய வண்டி தொப்பூர் கணவாயில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து, ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. ஓடும்வரை காற்று இருந்தது. நின்ற பிறகு அதுவும் இல்லை. டிரைவர் தம்பி போன் செய்தபோது இரண்டு செத்திருந்தன, மூன்றாவது வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "வைக்கல்ல கை வைக்க முடியலீங்ணா" என்றார்.

பன்றிக்கு வியர்ப்பது பேருக்குத்தான். அது சேற்றில் புரள்வதே உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான். நாம் அழுக்குப் பிராணி என்று பேர் வைத்துவிட்டோம். வண்டியில் படுத்தால் வயிற்றுச் சூடு தளத்துக்கு இறங்க வேண்டும். காய்ந்த வைக்கோல் அதை இறங்க விடாது. மார்கழியில் குட்டிகளுக்கு நாம் வைக்கோல் போடுவதே அதற்காகத்தானே?

இப்போது தேங்காய் நார்க்கழிவை நன்றாக நனைத்து இரண்டு அங்குலம் பரப்புகிறேன். ஈர மணலும் ஆகும், ஆனால் மணல் விற்கிற விலைக்கு யார் போடுவது! தார்ப்பாய் கூரைக்கு மட்டும், பக்கமெல்லாம் திறப்பு. பத்து நிற்கும் இடத்தில் எட்டு. ராத்திரிப் பயணம். ஏற்றும் முன் தீவனத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் காட்டுவேன். அப்புறம், மூச்சு வாங்கும் பன்றியின் தலையில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அந்த அதிர்ச்சியே அதை முடித்துவிடும். தளத்தையும் காலையும் நனைத்தால் போதும்.

வைக்கோல் இல்லாவிட்டால் வழியில் பிடிப்பார்கள் என்று வியாபாரிகள் பயமுறுத்துகிறார்கள். கால்நடைகளைக் கொண்டுசெல்வதற்கான 1978 விதிகளில் பன்றிக்கான பகுதி 2001இல் சேர்ந்தது. பன்றி படுக்கும்போது அடிபடாமல் இருக்க, வைக்கோல் போன்ற பொருள் 5 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ளது. அந்தப் 'போன்ற' யார் கண்ணிலும் படுவதில்லை. கால்நடைத் துறை கோடையில் வெளியிடும் அறிவுரைகளில், வெயிலுக்கு ஈர நார்க்கழிவு போடலாம் என்று ஒரு வரி சேர்த்தால் எங்களுக்கு வழியில் வாக்குவாதம் மிச்சம்.

அதுவரை, இந்தக் கடிதம் அச்சில் வந்தால் வெட்டியெடுத்து டிரைவர் தம்பியிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வெண்பன்றி வளர்க்கும் விவசாயி,
பெருந்துறை