ஹாலில் படுத்த ஏழு வருடம்

பாளையங்கோட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள செந்தில்,

நேற்று போனில் கவிதா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, குறட்டையில உங்க பிள்ளை மாமாவையே மிஞ்சிட்டார். நடுவுல சத்தமே நின்னு போயிடுது. அப்புறம் ஒரு இழுப்பு இழுக்கிறார் பாருங்க, எனக்குத் திக்குன்னு ஆகுது." நீ பின்னாலிருந்து "சும்மா இரு" என்றாய். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை தூங்கின பிறகு நிதானமாகப் படி.

சின்ன வயதில் நீயும் அக்காவும் அப்பாவின் குறட்டைக்கு லாரி என்று பெயர் வைத்திருந்தீர்கள். லாரி மேடு ஏறுது, கியர் மாத்துது, ஆஃப் ஆயிடுச்சு என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அந்த ஆஃப் ஆகிற நேரத்தில் பக்கத்தில் படுத்திருந்த நான் எண்ணிக்கொண்டு இருப்பேன். இருபது, இருபத்தைந்து. ஒரு நாள் முப்பத்தெட்டு வரை போயிற்று. அப்புறம் ஒரு பெரிய இழுப்பு, புரண்டு படுப்பார், மறுபடி லாரி. நானும் தூங்கிப்போவேன். அது தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா) என்கிற ஒரு நோய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களெல்லாம் "கவலையில்லாத மனுஷன், தலை சாய்ச்சதும் தூங்கிடுவார்" என்று பாராட்டத்தான் செய்தார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற நாற்காலியில் தூங்குவார், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவார். பகலில் இப்படித் தூங்கி விழுகிற மனுஷன் ராத்திரி தூங்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

உன் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இடம் தாராளமாகிவிட்டது. "ஹாலில் காற்று நல்லா வருது" என்று சொல்லி என் கட்டிலை அங்கே போட்டுக்கொண்டேன். அவருக்கும் சங்கடமில்லை, எனக்கும் தூக்கம். ஏழு வருடம் அப்படியே போனது.

போன புரட்டாசியில் நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். காலை ஐந்தரைக்கு எழுந்து வந்தார். காபி டம்ளரை வாங்கின வலது கை அதைப் பிடிக்கவில்லை, கீழே விழுந்தது. பேச்சு குழறியது. ஆட்டோ பிடித்து நாற்பது நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" ராத்திரி பத்து மணிக்கு லைட்டை அணைத்தார் என்றேன். அதற்கப்புறம் பார்த்தீர்களா என்றார். பார்க்கவில்லை.

ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கெடுவை விழித்த நேரத்திலிருந்து எண்ண மாட்டார்கள், கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். பத்திலிருந்து ஐந்தரை வரை எண்ணிப் பார். ஏழரை மணி நேரம். கணக்கு டீச்சரான எனக்கு வந்த ஏழரையைப் பார்! பக்கவாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படித் தூங்கி எழும்போதுதான் தெரியவருகிறதாம். சில பெரிய இடங்களில் எம்ஆர்ஐ படத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். நாங்கள் போன இடத்தில் அன்றைக்கு அதற்கு வழியில்லை. நான் பக்கத்தில் படுத்திருந்தால் பார்த்திருப்பேனா என்று கேட்டால், தூங்கித்தான் போயிருப்பேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவருடைய மூச்சுக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான். அந்தச் சாட்சி எழுந்து ஹாலுக்குப் போய்விட்டது.

நல்லவேளை, சின்னதாகப் போயிற்று. கையெழுத்து மட்டும் இன்னும் நடுங்குகிறது. இரண்டு மாதம் கழித்து நரம்பு டாக்டர் ஸ்லீப் ஸ்டடி எடுக்கச் சொன்னார். தலை, மார்பு, கால், விரல் நுனி என்று எங்கும் ஒயர். கும்பாபிஷேகத்துக்கு சீரியல் பல்பு கட்டினது மாதிரி இருந்தார். ரிப்போர்ட்டில் மணிக்கு 41 என்று வந்தது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றதும், வெகுவாகக் குறைந்ததும் சேர்த்து ஒரு மணிக்கு 41 தடவை. ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி, முப்பதைத் தாண்டினால் கடுமை என்பது கணக்கு. ஆறு மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன், 246. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடுகிறது. அந்தப் பதற்றத்தில் பிரஷர் எகிறுகிறது. ராத்திரி என்பது பிரஷர் இறங்கி ரத்தக்குழாய்கள் ஓய்வெடுக்க வேண்டிய நேரம். அப்பாவுக்கு அதுதான் 246 தடவை அடி வாங்குகிற நேரமாக இருந்திருக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகி ரத்தக்கட்டு உண்டாகிற வழியும் இதில் இருக்கிறது. குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எங்கே குண்டு? உள்வாங்கின சின்னத் தாடை இருந்தாலும் போதுமாம். எய்யா, உன் தாடை அப்பாவின் தாடைதான்.

இது என் பயம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 5422 பேரை வீட்டிலேயே தூக்கப் பரிசோதனை செய்துவிட்டு, ஒன்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். முடிவு 2010இல் வந்தது. மூச்சுத்தடை அதிகமாக இருந்த கால்வாசி ஆண்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பெண்களிடம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

அப்புறம் உன் மெசேஜ். அப்பாவுக்கு சிபாப் மெஷின் (தூங்கும்போது மூக்கு வழியே காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிறது) வாங்கப் போகிறோம் என்றதும், "2016லயே பெரிய ஆய்வு வந்துடுச்சும்மா, மெஷின் பக்கவாதத்தைத் தடுக்கலைன்னு" என்று அனுப்பினாய். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆயிற்று. நீ சொன்னது சரிதான். அடிலெய்டிலிருந்து நடத்திய ஆய்வு அது. இந்தியா உட்பட ஏழு நாடுகள், ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2717 பேர். மெஷின் கொடுத்தவர்களில் 17 சதவீதத்துக்கும், கொடுக்காதவர்களில் 15.4 சதவீதத்துக்கும் மறுபடி பெரிய பாதிப்பு வந்தது. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உள்ளே இன்னொரு எண் இருக்கிறது. மெஷின் கொடுத்தவர்கள் அதை மூக்கில் மாட்டியிருந்த நேரம் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி. மீதி நேரம் கழற்றிவைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். கனவு காண்கிற தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அப்போதுதான். பகலில் மிக அதிகமாகத் தூங்கி விழுகிறவர்களையும், ஆக்சிஜன் ரொம்ப இறங்குகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதாவது உன் அப்பா மாதிரி ஆட்களை. ராத்திரிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததில் பக்கவாதம் குறைவாக இருந்ததாகவும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதையும் நான் முழுதாக நம்பவில்லை. மாஸ்க்கை ஒழுங்காகப் போடுகிறவன் பிரஷர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவான். எது காப்பாற்றியது என்று எப்படிச் சொல்ல? பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை நன்றாயிற்று என்பது மட்டும் அந்த ஆய்விலேயே உறுதியாக இருக்கிறது. அதற்காகவே வாங்கினேன். இப்போது அப்பா மத்தியானம் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார்.

சொல்ல மறந்தேன், இந்த மெஷினே நீ இப்போது இருக்கிற ஆஸ்திரேலியாக்காரர் செய்ததுதான். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், தூசு உறிஞ்சுகிற மெஷினின் மோட்டாரைத் திருப்பிவைத்துக் காற்றை மூக்கு வழியே தள்ளிப் பார்த்திருக்கிறார். அதற்கு முன்னால் கடுமையான மூச்சுத்தடைக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வைத்தியம். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு "மெஷின் வேண்டாம்" என்கிறாய்!

உன் மனதில் இன்னொரு பயமும் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆச்சி கடைசி மூன்று வருடம் உன்னையே யாரென்று கேட்டாளே, அது. தூங்காவிட்டால் மறதி நோய் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நீ எனக்கே அனுப்புகிறாய். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய அவசரமும் இருக்கிறது. லண்டனில் அரசு ஊழியர்கள் கிட்டத்தட்ட 8000 பேரை 25 வருடம் பார்த்துவிட்டு 2021இல் எழுதினார்கள். 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம். இதை எல்லோரும் நூற்றுக்கு முப்பது பேர் என்று படிக்கிறார்கள். அப்படி இல்லையடா. நூறில் பத்துப் பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அது பதின்மூன்று ஆகும், அவ்வளவுதான். மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. அதுவே தூக்கத்தைக் கெடுத்திருந்தால்? குதிரை முன்னால் போகிறதா வண்டி போகிறதா என்று இந்த மாதிரி ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது.

தூங்கும்போது மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறது என்பதும் அப்படித்தான். 2013இல் மைக்கன் நெடர்கார்ட் என்பவர் குழு எலிகளிடம் அதைக் காட்டியது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! 2024இல் லண்டனில் வேறொரு குழு, எலிகளிடமே அதற்கு நேர்மாறாகக் கண்டது. சண்டை இன்னும் முடியவில்லை. அதே 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் டிமென்ஷியாவுக்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. தூக்கம் அதில் இல்லை. பிரஷர் இருக்கிறது, அதுவும் நடுவயதுப் பிரஷர். மூச்சுத்தடை பிரஷரைக் கூட்டும். உனக்கு 38 வயதிலேயே பிரஷர் மாத்திரை. ஆச்சியை நினைத்து ராத்திரி விழித்திருக்காதே, இந்தச் சங்கிலியை மட்டும் கவனி.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கவிதாவை ஒரு ராத்திரி போனில் வீடியோ எடுக்கச் சொல், சத்தம் நிற்கிற இடத்தில். எனக்கு அனுப்ப வேண்டாம், உன் டாக்டரிடம் காட்டு. வீட்டிலேயே செய்கிற பரிசோதனையும் இருக்கிறது. ராத்திரி பீர் குடித்துவிட்டு மல்லாந்து படுத்தால் தொண்டை இன்னும் அடைக்கும். குடிக்கவில்லை என்று என்னிடம் சாதிக்காதே, போன மாதப் போட்டோவில் பாட்டில் தெரிந்தது. அப்புறம் கவிதாவிடம் நானே சொல்லிவிட்டேன், சத்தம் தாங்காமல் வேறு அறைக்குப் போகிறதானால் முதலில் உன்னை டாக்டரிடம் அனுப்பிவிட்டுப் போ என்று.

என் கட்டில் மறுபடி உள்ளறைக்கு வந்துவிட்டது. மெஷின் சத்தம் மழைக்கு முந்தின காற்று மாதிரி மெதுவாக இருக்கிறது. முதல் பத்து நாள் அப்பா அதைப் பிய்த்து எறிந்தார். கரண்ட் போனால் மூச்சு முட்டுகிறது என்றார், இன்வெர்ட்டரில் இணைத்தோம். தினமும் காலையில் அதன் திரையில் வருகிற எண்ணை என் பழைய மார்க் நோட்டில் எழுதிவைக்கிறேன். நேற்று ராத்திரி 5 மணி 40 நிமிஷம் போட்டிருந்தார், தடை மணிக்கு 3.7.

பொங்கலுக்கு வரும்போது மாஸ்க்குக்கு மாற்று ரப்பர் இரண்டு வாங்கி வா. மூக்குக்கு மட்டும் வைக்கிறது, மீடியம் சைஸ்.

அன்புடன்,
அம்மா